வியாழன்தோறும் செவ்வாய்

டண்டியில் மழை மேலிருந்து விழுவதில்லை,
ஆற்றுப் பக்கமிருந்து குறுக்கே வரும்.
ஹில்டவுன் ஏற்றத்தில் குடைகளை மடக்கிவிட்டு
நனைந்தே ஏறினோம் ஆறு பேர்.
துணிக்கலை, இரண்டாம் ஆண்டு,
இருபது மதிப்பெண் பாடம்.

தேவாலயத்தின் பின்கூடம். கெட்டில். பிஸ்கட் டப்பா.
பக்கவாதத்திலிருந்து எழுந்து வந்தவர்கள் பதினொருவர்.
ஒட்டிப்போட்ட மேசைகளின் மேல்
ஒரே நீளமாய் வெள்ளை லினன்.
பேராசிரியர் ஐல்சா போட்ட விதி ஒன்றுதான்:
கேட்காமல் உதவக் கூடாது.

செங்காவுக்கு நாற்பத்து நான்கு வயது.
பஸ் ஓட்டியவள்.
இடக்கை இப்போது மடியில் தூங்கும் பூனை.
'ஆக்னஸ் என்று எழுதிப் பின்னாலிருந்து படி,
நான் வருவேன்' என்றாள்.
எங்கள் மொழியில் செங்காய் என்றால்
பழுக்கப் போகிற காய் என்றேன்.
'அப்போ எனக்கு இன்னும் நேரமிருக்கு' என்று
வலக்கையால் மேசையைத் தட்டிச் சிரித்தாள்.

டூகலுக்கு வலக்கை போயிற்று,
சொற்களும் போயின.
மிஞ்சியது ஒன்று: செவ்வாய்.
தேநீருக்குச் செவ்வாய். சன்னலைச் சாத்தச் செவ்வாய்.
வியாழன்தோறும் நான் கதவைத் திறந்ததும்
தலையைச் சாய்த்து,
செவ்வாய்.

ஊசி அவன் இடக்கையில்.
நூல் அவள் வலக்கையில்.
அவள் நாக்கில் நனைப்பாள், அவன் மூச்சைப் பிடிப்பான்,
முனை பிரியும், தவறும்,
மறுபடி நாக்கு, மறுபடி மூச்சு.
சுவர்க் கடிகாரத்தில் பதினோரு நிமிடம்.
எனக்கு அது இரண்டு நொடி வேலை.
என் கைகளைத் தொடைக்கடியில் வைத்து
அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

நூல் என்றால் எங்களுக்குப் புத்தகமும்தான் என்று
சொல்லியிருந்தால்
ஐல்சா மகிழ்ந்து குறித்துக்கொண்டிருப்பார்.
சொல்லவில்லை.
அந்தக் கூடத்தில் நூல் என்றால் நூல்.

ஒருமுறை ஊசி என் விரலில் ஏறியது.
லினனில் ஒரு சிவப்புப் பொட்டு.
தண்ணீருக்கு ஓடப் பார்த்தேன்.
'யார் ரத்தமோ அவங்க எச்சில்தான் எடுக்கும்,
என்னுடையது வேலைக்காகாது' என்றாள் செங்கா.
துப்பித் தேய்த்தேன். போயிற்று.

ஐந்தாம் வாரம்
துணியைச் சுருட்டி வைக்கும் முறை என்னுடையது.
எல்லோரும் போய்விட்டார்கள்.
டூகல் தைத்திருந்தது நீலத்தில் ஒரு கோடு.
பாலமோ, ஆறோ, அவனுக்குத்தான் தெரியும்.
நாலு அங்குலத்துக்குள் ஆறு இடத்தில் சறுக்கியிருந்தது.
கை சும்மா இருக்கவில்லை.
அவன் கோட்டை உருவிவிட்டு
அதே நீலத்தில் நேராக,
அங்குலத்துக்குப் பத்து, நாற்பது தையல்.
நல்ல காரியம் செய்தவளைப் போல
விளக்கை அணைத்து இறங்கினேன்.

அடுத்த வியாழன்
கட்டைவிரலை அதன் மேல் ஒருமுறை ஓட்டினான்.
கத்தரிக்கோலைக் காட்டிக் கேட்டான்.
பிரிக்கத் தொடங்கினான், ஒன்று, அப்புறம் ஒன்று.
நானே பிரித்துவிடட்டுமா?
கேட்டேன், இந்தமுறை கேட்டேன்.
தலையசைத்து மறுத்தான்.
கெட்டில் இரண்டு தடவை கொதித்து அடங்கியது.
செங்கா பிஸ்கட்டை என் பக்கம் தள்ளவில்லை.

பிரித்து முடித்தபின்
முதலிலிருந்து தைத்தான், வேறு இடங்களில் சறுக்கி.
நிமிர்ந்து என்னைப் பார்த்து
மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக,
செவ்வாய் என்றான்.
அன்று மட்டும் அது எனக்கு முழுதாகப் புரிந்தது.

ஆவி இஸ்திரி போட்டால்
துளைகள் மூடிவிடும் என்றார் ஐல்சா.
பெட்டியைச் சூடாக்கி, கையில் பிடித்து,
டூகலைப் பார்த்தேன்.
அவன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.
பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

பருவ முடிவில் ஒரு படிவம்.
'கூட்டுப் படைப்பில் உங்கள் பங்கு' என்ற கட்டம்,
சதவீதத்தில் கேட்டிருந்தார்கள்.
பென்சிலால் எழுதி, பிறகு மையால் எழுதினேன்:
நீலக் கோட்டுக்குக் கீழே
நேர் வரிசையில்
நாற்பத்தொரு துளைகள்.